எடை மட்டும் சரியாக இருந்தது

எடையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. சுங்குவார்சத்திரத்தில் மளிகைக் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டவன் நான். த்தூ, பெரிய யோக்கியன்!

அன்று மதியம், முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வந்துகொண்டிருந்த நேரம். ஒரு போலீஸ்காரர் வந்து, தராசைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். கஞ்சா பிடித்தால் சாட்சி முன்னால் எடை போட வேண்டுமாம். போனேன். தரையில் உட்கார்ந்திருந்தவனை எனக்குத் தெரியும். என் கடைக்குப் பின்தெருவில் வாடகைக்கு இருந்த சிவகங்கைக்காரன். கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி, அசெம்பிளி லைனில் வேலை. தினமும் என்னிடம்தான் முட்டை வாங்குவான். உதடு வீங்கியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் போலீஸ்காரர்கள் அவன் போனைப் பிடுங்கியபோது எதற்கு என்று கேட்டிருக்கிறான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான் என்று அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

அவன் பையை என் முன்னால் கொட்டினார்கள். டிபன் டப்பாவும் யூனிபாரமும்தான் விழுந்தன. கஞ்சாப் பொட்டலம் ஸ்டேஷன் அலமாரியிலிருந்து வந்தது. ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். ஒழுங்காகத்தான் எடை போட்டேன். அது அவன் பையில் இருந்ததைப் பார்த்தேன் என்று எழுதிய தாளை ஏட்டு நீட்டினார். பேனாவை வாங்கிக்கொண்டு சும்மா நின்றேன்.

"இன்னாய்யா யோசிக்கிற? கல்லாவுக்குக் கீழ பாக்கு வச்சி வித்துக்கினு கீறியே, அதுக்கு ஒரு கேஸ் போடட்டா?"

உண்மைதான். தடை செய்த புகையிலைப் பாக்கை ஒளித்து வைத்து விற்றுக்கொண்டுதான் இருந்தேன். கடைக்கு சீல் வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

"அண்ணே, நீங்க பாத்தீகள்ல?" என்றான் அவன்.

கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

போன வாரம் அவனுடைய அக்கா கடைக்கு வந்தாள். ஜாமீன் கிடைக்கவில்லையாம். எடை போட்ட கடைக்காரர் கோர்ட்டில் உள்ளதைச் சொன்னால் தம்பி வெளியே வந்துவிடுவான் என்று வக்கீல் சொன்னாராம். அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் பையில இருந்து எடுத்ததப் பாத்தீகளாண்ணே?"

"எடை கரெக்டா இருந்துச்சிம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். படி இறங்கிப் போனாள்.

அடுத்து நின்ற ஆள் இரண்டு விரலைக் காட்டினான். குனிந்து, கல்லாவுக்குக் கீழே கையை விட்டு, இரண்டு பாக்குப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன்.