சலங்கை கேட்காத மூன்று மாதம்

சலங்கைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்த அன்று மிருதங்கம் நன்றாகவே கேட்டது. பாட்டும் கேட்டது. ஆடிக்கொண்டிருந்த மாணவியின் காலில் சலங்கை மட்டும் இல்லாததுபோல் இருந்தது. கழற்றிவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன். கட்டித்தான் இருந்தாள்.

எங்கள் நாட்டியப் பள்ளிக்கு என்னைவிட வயது அதிகம். ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் தொடங்கியது. மழைக்காலத்தில் தரை இன்றும் பிசுபிசுக்கும். சேருகிறவர்கள் முதல் ஆறு மாதம் காலால் தரையைத் தட்டிப் பழகும் தட்டடவைத் தவிர வேறெதுவும் ஆட முடியாது. சலித்துப்போய் ஓடியவர்களைச் சேர்த்தாலே இன்னொரு பள்ளி நடத்தலாம். நான் ஓடாமல் ஒட்டிக்கொண்டு, ஆடி, பிறகு தாளத்தைக் கையில் எடுத்து நட்டுவாங்கத்துக்கு உட்கார்ந்துவிட்டவள். அந்த இடத்துக்கு எங்கள் பள்ளியில் ஒரு கண்டிப்பு உண்டு. ஆடுகிறவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். காலைக் காது கவனித்துக்கொள்ளும். கண் காலுக்கு இறங்கினால் அங்கே பிழை என்று அர்த்தம். இங்கே யாரும் வாய்விட்டுத் திட்டுவதில்லை, அந்தப் பார்வையே போதும்.

சன்னமான ஒலிகள் மட்டும் காதுக்கு எட்டவில்லை என்று மருத்துவர் கருவி எழுதிக் கொடுத்தார். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மாட்டினால் அடுத்த நாளே ஊரெல்லாம் தமுக்கு அடித்துவிடுவார்கள். காது கேட்காத நட்டுவனாரை யார் வைத்துக்கொள்வார்கள்? எனக்கு வேறு பிழைப்பும் தெரியாது. பயத்தில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன்: காலைக் கண்ணால் பார்த்தே தாளம் தட்டுவது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்க வேண்டாம்.

அப்போது அரங்கேற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவள் துறைமுகத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். இரண்டு பிள்ளை பெற்று, பல வருடம் விட்டுப்போனதைத் திரும்பத் தொடங்கியவள். முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மூன்று மாதம் அவள் காலையே பார்த்துத் தாளம் போட்டேன். அவள் வேகம் கூடிக்கொண்டே போனது. தாளத்தால் பிடித்து நிறுத்த வேண்டிய நானும் பின்னாலேயே ஓடினேன். மிருதங்கக்காரர் முறைத்ததைக் கண்டும் காணாததுபோல் இருந்தேன்.

அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் இருக்கையில் அவள் பாதி ஆட்டத்தில் நின்றாள். சலங்கையை அவிழ்த்து என் முன்னால் வைத்தாள்.

“எனக்கு மேடை வேண்டாம் டீச்சர்.”

“என்னளா சொல்லுத?”

“மூணு மாசமா என் காலையே பாத்துக்கிட்டு இருக்கியளே. எங்க தப்புன்னு எனக்குப் பிடிபடவே மாட்டேங்கு. விடியக்காலம் எந்திரிச்சு மொதல்ல இருந்து தட்டடவு ஆடிப் பாக்கேன். இங்கன வந்து நீங்க பாத்த ஒடனே காலு நடுங்குது, வேகமா போயிருதேன்.”

நான் பேசாமல் இருந்தால் அவள் போய்விடுவாள், என் இடம் பத்திரமாக இருக்கும். அப்படி ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். மற்ற எல்லாவற்றையும்விட அந்த நினைப்புக்குத்தான் அதிகம் பயந்தேன்.

“உன் காலுல தப்புன்னு நான் பாக்கல. எனக்குச் சலங்கை கேக்க மாட்டேங்கு,” என்றேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“அப்போ இத்தன நாளு நான் ஆடுனது சரியா தப்பா டீச்சர்?”

எனக்குத் தெரியவில்லை. அதையும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.