உப்புக்கொத்தி கிட்டே வந்த காலை

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியும் என் மாமியார் என்னை "வாங்க, சாப்பிடுங்க" என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். நாசரேத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கோயம்புத்தூர்க்காரி, அந்த ஊர்ப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி அம்மா மரியாதை கொடுக்கிறாள் என்பார் என் கணவர். அவர் கப்பலில் இன்ஜினியர். வருடத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். மாமா போன சித்திரையில் தவறிவிட்டார். தூத்துக்குடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டு.

சனிக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே கேமராவை எடுத்துக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பிவிடுவேன். மார்கழியில் ஒரு நாள் கார் சாவியை எடுக்கும்போது, மாமியார் ஸ்வெட்டர் போட்டு, கையில் ஒரு பையோடு வாசல் பக்கம் நின்றார்.

"நானும் வரட்டுமா? ஒங்களுக்கு எடஞ்சலா இருக்காதுல்லா?"

"வாங்கத்தை, போலாம்" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான். வாரத்தில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு காலைதான்.

புன்னைக்காயலுக்குப் போகிற வழியில் பிரிந்தால், பறவைகளுக்காகப் பாதுகாக்கிற நீர்ப்பரப்பு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் அலையாத்தி மரங்கள், மறுபக்கம் உப்பளம். கேட்டில் இருந்த வாட்சர் மப்ளரை இறக்கிவிட்டு, "பூநாரை நிக்கி. அங்கன தெக்க போங்க" என்றார்.

கரையில் நடக்க ஆரம்பித்ததும் மாமியார் பேசவும் ஆரம்பித்தார். எதைப் பார்த்தாலும் கையை நீட்டி, "அன்னா பாருங்க!" என்று வகுப்புக்கே கேட்கிற குரலில் சொல்வார். அந்தப் பறவை பறந்துவிடும். மூன்றாவது தடவை, "கொஞ்சம் மெதுவாப் பேசலாங்கத்தை" என்றேன். அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

மடக்கு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். பைனாகுலரைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனேன். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. முழுக் கூட்டமும் படத்துக்குள் வரவேண்டும் என்று கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் நகர்ந்தேன்.

"ஏளா! பின்னால போவாத! குழி கெடக்கு!"

கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்தது. அதே நேரம் நானும் சரிந்தேன். இடுப்பு வரை சகதி. கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

அவர் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தார். கரையில் முழங்காலிட்டு, "மொதல்ல கேமராவத் தா. இப்பம் கைய நீட்டு. ரெண்டு காலையும் சேத்து இழுக்காத. ஒண்ணொண்ணா எடு" என்றார். எப்படியோ இழுத்துப் போட்டுவிட்டார். என் ஷூ ஒன்று சகதிக்குள்ளேயே போய்விட்டது.

இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். அவர் ஸ்வெட்டரெல்லாம் சேறு. என்னைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார்.

"ஒன் மாமா இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ளயே விட்டுருக்க மாட்டாவ."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு முன்பு நான் அந்தக் கையைத் தொட்டதில்லை.

"காலைல ரெண்டு பேருக்குக் காப்பி போட்டுட்டேன்" என்றார். "பழக்கம் போவ மாட்டேங்கு. நீ டீதான குடிப்ப? கொட்டப் போனேன், மனசு வரல. வீட்டுல இருக்க முடியாம ஒன்கூட கெளம்பிட்டேன்."

"அந்தக் காப்பி எங்கங்கத்தை?"

"பிளாஸ்க்குல கெடக்கு."

ஊற்றிக் குடித்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நான் குடித்த முதல் காப்பி. சர்க்கரை ரொம்பக் கம்மி. மாமாவுக்குச் சர்க்கரை வியாதி.

பேசாமல் உட்கார்ந்திருந்ததில், பறந்து போனவை ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. உள்ளங்கை அளவே இருக்கும் உப்புக்கொத்தி ஒன்று, நாலடி ஓடி நின்று, மறுபடி ஓடி, எங்கள் பக்கமே வந்தது. நான் கேமராவைத் தூக்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு. இன்னும் கிட்ட வரட்டும்" என்றார், காற்று மாதிரி மெதுவாக.

வந்தது. அவர் வெறுங்காலுக்கு இரண்டு முழம் தள்ளி நின்று, சேற்றில் எதையோ கொத்தியது. எடுத்தேன். அந்தக் கால்விரல்களும் பறவையும் ஒரே படத்தில் விழுந்தன.

அடுத்த சனிக்கிழமை நான் அசந்து தூங்கிவிட்டேன். அவர்தான் வந்து கதவைத் தட்டினார்.