சர்வேக் கொடிக்குக் காவல்

அந்த மலையைப் பார்த்து அழகு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோதையாற்றுக்கு மேலே, காட்டிலேயே குடியிருக்கும் காணிக்காரர்கள்கூடத் தேனுக்கு ஏறாத உச்சி அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சர்வேக்காரர்களின் கூலியாட்களாக, நானும் கருங்கல் பக்கத்துக் கூட்டாளி ஒருவனும் அங்கே இருபது நாள் கிடந்தோம்.

உச்சியில் நட்ட வெள்ளைக் கொடி சாயாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தூரத்துக் குன்றிலிருந்து சர்வேயர் அதைக் குறிபார்த்து அளப்பார். முடிந்ததும் வெயிலில் கண்ணாடியை மூன்று தரம் மின்னவைப்பார். அதைக் கண்ட பிறகே இறங்கலாம். முன்னால் இறங்கினால் அவர்கள் பாடு வீண், எங்கள் பிழைப்பும் போகும்.

மலை எங்களைத் துரத்தத்தான் பார்த்தது. காற்று கூடாரத்தைக் கிழித்தது. புல்கூடக் காலை அறுத்தது. கஞ்சிக்கு வைத்திருந்த உப்பையெல்லாம் ரத்தம் குடிக்கும் அட்டைக்குக் கொட்டித் தீர்த்துவிட்டு, சப்பென்ற கஞ்சியைக் குடித்தோம். பதினைந்தாம் நாள் கூட்டாளிக்குக் காய்ச்சல் கண்டது.

அதற்கு மறுநாள் பகலில், ஊற்றிலிருந்து தண்ணீரோடு ஏறி வந்தேன். அவன் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“கண்ணாடி மின்னிச்சு மக்கா. மூணு தரம். வா, எறங்குவோம்.”

திரும்பிப் பார்த்தேன். மேகம் அடைத்துக் கிடந்தது. முந்தின நாள்தான், செத்துப்போன தன் பசு கூடாரத்துக்குள் நிற்கிறது என்று சொல்லியிருந்தான்.

“உளறாத, போய்ப் படுலே” என்றேன். அன்று கைத்தாங்கலாகப் பிடித்திருந்தால் அவன் நடந்திருப்பான்.

நாலு நாள் கழித்து, கூலிக்கு அரிசி சுமந்துவரும் காணிக்காரர்கள் வந்தார்கள்.

“சர்வேக்காரரு கூடாரத்தப் பிரிச்சிட்டுப் போயி நாலு நாளாச்சு. நீங்க மட்டும் ஏன் இஞ்ச கெடக்கிய?”

கூட்டாளிக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்தான். திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

கம்பில் துணி கட்டிச் சுமந்தோம். நெய்யூர் ஆசுபத்திரிக்குப் போகும் வழியில், திருவட்டாறு தாண்டுவதற்குள் அவன் போய்விட்டான். மலையை இன்றுவரை நான் ஏசுகிறேன். ஏச வேண்டியது என்னைத்தான் என்பது எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலையும்போது அவன் மனைவி கேட்டாள்.

“அண்ணே, அங்க வேல என்னைக்கு முடிஞ்சுது?”

“எறங்குன அன்னைக்குத்தான் பிள்ளே” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.