முதல் பீஸ் மட்டும்

என் அக்கா யாரையும் லேசில் நம்பமாட்டாள். நான் பூட்டிய வீட்டைத் திறந்து, தன் கையால் மறுபடி பூட்டிவிட்டுத்தான் படியிறங்குவாள். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். அதில் என்னதான் தெரியும் என்று கேட்டால், "தெரியக்கூடாதது தெரியும்" என்பாள். தொழிற்சாலையில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பெயர். அவள் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை.

பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள், நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் சொன்னபடி இரும்பைக் குடையும் சி.என்.சி. மில்லிங் மெஷினுக்கு மாறினாள். ஆள் கேட்டபோது கை தூக்கியது அவள் ஒருத்திதான். பெட்டி மடித்து மடித்து மணிக்கட்டு போயிருந்தது. இதே வேலையில் இருந்தால் கை விளங்காது என்று டாக்டர் சொன்னது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். "ஒரு மாசம் பாக்கலாம். சரிப்படலன்னா பழைய இடத்துக்கே போயிடணும்" என்றார் சூப்பர்வைசர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

வேலை கேட்பதற்கு எளிது. இரும்புக் கட்டியை மெஷினில் இறுக்கி, அதன் மேல்மட்டம் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்துப் பச்சைப் பட்டனை அழுத்தினால், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அந்தச் சொல்லிக்கொடுப்பதில்தான் சூட்சுமம். கட்டியின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்து அசைத்துக்கொண்டே, சுழலாமல் நிற்கும் கத்தியைத் துளித்துளியாக இறக்கவேண்டும். காகிதம் நகராமல் பிடித்துக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி, காகிதத்தின் கனத்தைக் கழித்துப் பூஜ்யம் என்று பதியவேண்டும். கனம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கழிக்க மறந்தால் வெட்டும் குழி அந்த அளவுக்கு ஆழம் குறையும்.

அக்காவுக்கு இது பிடித்துப்போனது. தொட்டுப் பார்த்துத்தான் நம்பவேண்டும் என்று சட்டமே இருக்கிற வேலை அவளுக்கு வேறெங்கே கிடைக்கும்? வெட்டுமுன் கத்தியைக் கட்டிக்கு மேலே வெறும் காற்றில் ஒருதரம் ஓடவிட்டுப் பார்ப்பாள். அப்போதும் உள்ளங்கை, மெஷினைச் சட்டென்று நிறுத்தும் சிவப்புக் குமிழின் மேல் இருக்கும்.

இருந்தும் தினமும் முதல் பீஸ் கெட்டது. குழியின் ஆழம் மயிரிழை கூடிவிடும். அளந்து பார்த்து அந்த அளவுக்குக் கத்தியை உயர்த்திவிட்டால் அடுத்ததெல்லாம் சரியாக வரும். மறுநாள் மறுபடி முதல் பீஸ் குப்பைக்கு. அதே மெஷினில் காலை ஷிப்டு பார்த்த மீசைக்காரருக்கு மட்டும் ஒன்றுகூடக் கெடவில்லை.

"தினம் ஒண்ணை இரும்புக்கடைக்கு அனுப்பத்தான் உன்னை இங்க போட்டேனா?" என்றார் சூப்பர்வைசர்.

"நான் செய்யறது சரிதான் சார்."

"அப்ப மெஷின்தான் உன்மேல கோவமா இருக்கா?"

"மெஷினுக்கு யார்மேலயும் கோவம் கிடையாது சார். அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

மாதம் முடியப் போகிற சமயம். ஒருநாள் வேண்டுமென்றே காகிதத்தின் கனத்தைக் கழிக்காமல் விட்டாள். முதல் பீஸ் அச்சு அசலாக வந்தது. அன்று முகம் இருண்டுபோய் வீட்டுக்கு வந்தாள்.

"தப்பா பண்ணினா சரியா வருதுடி."

"அப்ப அப்படியே பண்ணிட்டுப் போயேன்க்கா. வேலை நிலைக்கணும், அவ்வளவுதானே?"

"திருடன் வந்து வீட்டைப் பெருக்கிட்டுப் போயிருக்கான். சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்படச் சொல்றியா?"

மறுநாள் ஷிப்டு மாறுவதற்கு வெகு முன்னாலேயே போய் மீசைக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவள் நிழல் விழுந்ததும் அவர் விரல் திரையில் பக்கத்தை மாற்றியது.

"எலி ஏன் இவ்வளவு அவசரமா ஓடுது? முந்தின பக்கத்தைக் காட்டுங்கண்ணே."

"எந்தப் பக்கம்?"

"என்னைக் கண்டதும் மாத்தினீங்களே, அது."

"அது கத்தித் தேய்மானம்மா. உனக்கு இன்னும் சொல்லித்தரல."

"சொல்லித்தர வேணாம். காட்டினா போதும்."

காட்டினார். கத்தி தேயத் தேய, அந்த அளவுக்கு அதை இன்னும் கீழே இறக்கச் சொல்லிப் பதியும் பக்கம் அது. தேய்மானம் என்ற இடத்தில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கழிக்கப்பட்டிருந்தது. அக்கா கத்தியைக் குனிந்து பார்த்தாள். "இது இன்னைக்கு மாத்தின புதுக் கத்தி. பெட்டிக்குள்ளயே தேஞ்சுடுச்சா?"

மீசைக்காரர் தினமும் கழிப்பதற்குச் சோம்பல்பட்டு, காகிதத்தின் கனத்தைத் தேய்மானப் பக்கத்தில் ஒரேயடியாகப் போட்டுவைத்திருந்தார். பல வருஷப் பழக்கம். அந்தப் பக்கத்தைத் தேய்மானத்துக்குத் தவிர வேறெதற்கும் தொடக்கூடாது என்பது சூப்பர்வைசரின் கண்டிப்பான உத்தரவு. அவர் அங்கே போட்டுவைத்தது தெரியாமல் அக்கா தன் பங்குக்கு முறைப்படி கழிக்க, ஒரே காகிதம் இரண்டு முறை கழிந்துபோனது. "என் இடத்துக்குத்தான் இவளைக் கொண்டுவந்திருக்காங்கன்னு நினைச்சேன். அதான் மறைச்சேன்" என்று அவரே என்னிடம் சொன்னார், துக்கம் கேட்க வந்திருந்தபோது.

அன்று அவர் அக்காவைக் கேட்டது வேறு. "போய்ச் சொல்லிடுவே, இல்ல?"

"சொன்னா உங்களைத் தூக்கிட்டுப் புதுசா ஒருத்தரைப் போடுவாங்க. அவரை நான் முதல்லேர்ந்து சந்தேகப்படணும். அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லண்ணே. அதைப் பூஜ்யமாக்குங்க."

ஆக்கினார். அன்று அக்கா முறைப்படி கழித்து வெட்டிய முதல் பீஸ் சரியாக வந்தது. அடுத்த நாள் காலை, பழக்கதோஷத்தில் காகிதத்தைக் கழிக்க மறந்த மீசைக்காரருக்குக் குழி ஆழம் குறைந்துவிட்டது. குறைந்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம் என்பதால் வெளியே தெரியவில்லை. ஆனால் மத்தியானம் அவளை முறைத்தார்.

"நேத்து போகும்போது என்னத்தை மாத்தின?"

"நீங்க எதைக் கழிக்க மறந்தீங்க?"

அதற்குப் பிறகு ஷிப்டு மாறும்போதெல்லாம் இருவரும் திரைமுன் ஒன்றாக நிற்பார்கள். பூஜ்யம் பதியும் பக்கம், தேய்மானப் பக்கம் இரண்டையும் திறந்து ஒருவருக்கொருவர் காட்டிவிட்டுத்தான் ஒருவர் கிளம்புவார், மற்றவர் தொடங்குவார். இதைச் சிநேகம் என்று நினைத்தவர்கள் உண்டு. "அப்படியெல்லாம் இல்லம்மா. கடைசிவரைக்கும் அவ என்னை நம்பல, நானும் அவளை நம்பல. ஆனா ஒரு பீஸ் கெடல" என்றார் மீசைக்காரர், அதே துக்க வீட்டில்.

மாதம் முடிந்த அன்று அக்கா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "மெஷின்லயே இருந்துக்கோன்னுட்டார் சூப்பர்வைசர்" என்றாள்.

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒரு கேள்வி கேக்கலடி. சிரிச்சார் வேற."

மறுநாள் சீக்கிரமே போய், பேக்கிங் பிரிவில் தன் பழைய ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மெஷின் பக்கம் வந்தாளாம்.