செல்வி அக்கா கொண்டுவந்த தாள்

மீமிசலில் எங்கள் தெருவுக்கு எந்த இங்கிலீஷ் தாள் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் பி.ஏ. ஆங்கிலம் படித்து, வீட்டில் டியூஷன் எடுப்பவள்.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் கணவர் புற்றுநோயில் படுத்திருந்தார். ஒரு சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரித் தாளோடு வந்தார்.

"ஊசியை நிறுத்திட்டாங்க. வேற என்னமோ எழுதிக் கொடுத்திருக்காங்க. என்னன்னு பாரு தங்கச்சி."

'பாலியேட்டிவ் கேர்' என்றிருந்தது. முதல் வார்த்தைக்கு எனக்குப் பொருள் தெரியாது. செல்போன் கையில்தான் இருந்தது. டியூஷன் பிள்ளைகள் முன்னால் தேடிப் பார்க்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"தனியா, நல்லாக் கவனிச்சுப் பார்க்கிற வைத்தியம்க்கா."

அக்காவின் முகம் தெளிந்தது. "அப்ப சிங்கப்பூர்ல இருக்கிற மகனை இப்பக் கூப்பிட வேணாம்ல? பொங்கலுக்கே வரட்டும்."

"வரட்டும்க்கா."

மூன்றாவது வாரம் அக்காவின் கணவர் இறந்துபோனார். மகன் வந்து, அப்பாவை ஐஸ்பெட்டிக்குள்தான் பார்த்தான். அவன் அழுதபோது, வாசலில் நின்று போனில் அந்த வார்த்தையைத் தேடினேன். நோய் இனித் தீராது என்றானபின், வலியை மட்டும் தணிக்கும் பராமரிப்பு என்று இருந்தது.

காரியம் முடிந்ததும் அக்கா இன்சூரன்ஸ் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"நீ சொன்னாச் சரியா இருக்கும் தங்கச்சி."

அதில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'அன்னைக்கு எனக்குத் தெரியலைக்கா' என்பதை மட்டும் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.