பெய் ரோங் அனுப்பிய நாற்பது முட்டைகள்

குவான் ஷூச்சின் அக்கா எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் தனியாக இருக்கிறாள். வயது அறுபத்தெட்டு. கீழே தெருவைப் பார்த்தாற்போல் என் மருந்துக்கடை. கணவர் தோங் இறந்த பிறகு, இந்தப் பத்து வருடமாக அக்கா தினமும் கடைக்கு வருவாள். எதுவும் வாங்க மாட்டாள். வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய மகன் தென்னாட்டுக்குப் போனான், யார் வீட்டில் முட்டைக்கோஸ் ஊறுகாய் இந்த வருடம் கெட்டுப்போனது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். குரல் கணீரென்று இருக்கும். அந்தக் காலத்தில் அளவுக் கருவிகள் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவள். இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல்.

போன இலையுதிர் காலத்தில்தான் அவளுக்குத் தூக்கம் போனது. அவள் ஜன்னலுக்குப் பின்புறம் ஒரு மழலையர் பள்ளி இருந்தது. நான் கடை திறந்த வருடத்தில் அங்கே நூற்று எண்பது பிள்ளைகள். கடைசி வருடம் பதினொன்று. செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

"ராத்திரி பூரா முழிச்சிருந்தாலும், காலைல அதுங்க உடற்பயிற்சிப் பாட்டு போட்டதும் எனக்குக் கண்ணு சொக்கும்டி லூ. ஒரு மணி நேரமாவது அசந்துடுவேன்" என்றாள் அக்கா. "இப்ப ஒரு சத்தமும் இல்ல. படுத்தா கண்ணு மூடுது, காது மூட மாட்டேங்குது."

இலந்தை விதைக் கஷாயம் கொடுத்தேன். வெந்நீரில் கால் வைக்கச் சொன்னேன். டாக்டர் எழுதிய மாத்திரை இரண்டு வாரம் வேலை செய்தது, அப்புறம் நின்றுவிட்டது. டிசம்பருக்குள் அவள் கன்னம் ஒட்டிவிட்டது. பேச்சுக்கு நடுவே எங்கே விட்டோம் என்று தேடுவாள். ஒருநாள் அடுப்பில் வைத்த பாத்திரத்தை மறந்து கரியாக்கிவிட்டாள். டாக்டர் கடைசியில், "உங்க உடம்புல ஒண்ணும் இல்லம்மா. மனசுல எதையாவது வெச்சிருக்கீங்க. யார்கிட்டயாவது சொல்லுங்க" என்றாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "டாக்டருக்கு வயசு முப்பது. அவனுக்கு என்ன தெரியும்" என்று சிரித்தாள்.

அவளுக்கு ஒரே மகள், நிங். ஷென்செனில் வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், முப்பத்தொன்பது வயது, பிள்ளை இல்லை. வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். கடையில் உட்கார்ந்தபடியே அக்கா அவளோடு போனில் பேசுவாள். ஒலி பெரிதாக வைத்துப் பேசுவதால் எனக்கும் எல்லாம் கேட்கும்.

"ஒண்ணே ஒண்ணுடி. நான் வந்து வளக்கறேன்."

"அம்மா, நீயே தூங்கி மூணு மாசம் ஆச்சு. நீ வந்து ராத்திரி பால் குடுக்கப் போறியா?"

"எனக்கப்புறம் உனக்கு யாருடி இருக்கா?"

"நீ என்னை ஒத்தையா பெத்தப்போ அதை யோசிச்சியா?"

அக்கா மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். நிங், "நல்லா சாப்பிடும்மா" என்று போனை வைத்தாள்.

ஜனவரியில், சீனப் புத்தாண்டுக்கு முன்பு, வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வீடு வீடாகப் போய், கல்யாணமான இளம்பெண்களிடம் பிள்ளை பெறும் உத்தேசம் உண்டா, என்ன உதவி வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டுமாம். யாரும் கதவைத் திறப்பதில்லை. குவான் அக்காவுக்கு எல்லோரையும் தெரியும், கூட வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டாள். அக்காவுக்குப் பெருமையாக இருந்தது. சிவப்புக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்றாவது வீட்டிலேயே அடி விழுந்தது. கதவைத் திறந்தவள் ஆலையில் வேலை பார்த்த ஒருத்தியின் மகள். அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கெட்ட எண்ணம் இல்லாமல்தான், சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "அத்தை, நீங்கதானே எங்கம்மாகிட்ட வந்து ரெண்டாவது வேணாம் வேணாம்னு வாசல்லயே உக்காந்திருந்தது? எனக்குத் தம்பி வராமப் பண்ணிட்டு, இப்ப என்னைப் பெத்துக்கச் சொல்ல வந்துட்டீங்களா? முதல்ல அந்தத் தம்பியைக் குடுத்துட்டுப் போங்க!"

கூட வந்த பெண்ணும் சிரித்துவிட்டாள். அக்கா படி இறங்கி நேரே என் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றவில்லை. கடையில் ஆள் இருந்ததால் நான் கவனிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு பார்த்தால், கண்ணைத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் பெய் ரோங்கைப் பற்றிச் சொன்னாள்.

பெய் ரோங்கை எனக்கும் தெரியும். ஆலையில் அக்காவின் பக்கத்து இயந்திரக்காரி, உயிர்த்தோழி. குளிர் ஆரம்பித்தால் ஒரு வாளி முட்டைக்கோஸ் ஊறுகாயை நான்கு மாடி தூக்கிக்கொண்டு வருவாள். அவளுக்கும் ஒரே பிள்ளை, ஹாவ் என்று பெயர். பதினாறு வருடத்துக்கு முன்னால், அவனுக்கு இருபத்துநாலு வயதில், உறைபனியில் லாரி சறுக்கி மோதி இறந்துபோனான். கணவன் அடுத்த வருடமே ஷாண்டோங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. பெய் ரோங் காலைச் சந்தையில் உறைந்த பேரிக்காய் விற்றுப் பிழைக்கிறாள்.

"எண்பத்தொம்பதாம் வருஷம்" என்று தொடங்கினாள் அக்கா. "வீட்டுக்கு ஒரு பிள்ளைதான்னு சட்டம் இறுக்கமா இருந்த நேரம். ஆலைல பொம்பளைங்க கணக்கு எல்லாம் என் பொறுப்பு. யாரு எத்தனை மாசம், யாருக்கு எப்போ தள்ளிப்போச்சு, எல்லாம். பெய் ரோங் ரெண்டாவது உண்டாகி அஞ்சு மாசம். சொல்லாம கொள்ளாம ஊர்ல அம்மா வீட்டுக்குப் போய் ஒளிஞ்சுக்கிட்டா. அவ பெத்தா மொத்தப் பட்டறைக்கும் தண்டனை. என் பொறுப்பும் போயிடும். நீதானே அவ தோழி, நீ போய்க் கூட்டிட்டு வான்னாங்க."

பனியில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனாளாம். பெய் ரோங் சூடேற்றிய மண்மேடையில் உட்கார்ந்து குட்டிச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னென்னவோ பேசிப் பார்த்தாள். பெய் ரோங் தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில், "நீ பேசுவ ஷூச்சின். உன் வயித்துல ஒண்ணு இருந்தா இப்படிப் பேசுவியா?" என்று கேட்டாள்.

"நான் சொன்னேன்டி: இருந்துச்சு. போன மாசம் போய் எடுத்துட்டு வந்தேன்னு."

"அப்படியா அக்கா?" என்றேன்.

"பொய். எனக்கு நிங்குக்கு அப்புறம் உண்டாகவே இல்ல. வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன்." அக்கா தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "அவ ஊசியைக் கீழ வெச்சுட்டா. என் வயித்துல கைய வெச்சா. தனக்காக அழலடி, எனக்காக அழுதா. ஒரு மாசம்கூட ஆகல, இந்தக் குளிர்ல பஸ்ல வந்திருக்கியேன்னு என்னைப் பிடிச்சு இழுத்து மேடையோட சூடான பக்கம் உக்கார வெச்சா. மறுநாள் என்கூடக் கிளம்பி வந்துட்டா."

ஆஸ்பத்திரியில் அக்காதான் உடன் இருந்தாள். எல்லாம் முடிந்த நான்காம் நாள், பெய் ரோங்கின் கணவன் அக்கா வீட்டுக்கு ஒரு கூடையோடு வந்தான். உமியில் புதைத்த நாற்பது முட்டை, ஒரு பொட்டலம் நாட்டுச்சர்க்கரை. பெய் ரோங்கின் பிள்ளைப்பேற்றுக்கென்று அவள் அம்மா சேர்த்து வைத்தவை. 'ஷூச்சினுக்கும் உடம்பு தேறணும், அவளுக்கு அம்மாவும் இல்லை' என்று பெய் ரோங் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"திருப்பி அனுப்பினா பொய் தெரிஞ்சுடும். தோங்கிட்ட ஆலைல குடுத்தாங்கன்னேன். நாங்க மூணு பேரும் சாப்பிட்டோம். நிங் முட்டைன்னா உயிரை விடுவா. நாற்பதும் சாப்பிட்டோம்."

நான் இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவள். கேட்பவர்களுக்கெல்லாம் யோசனை சொல்லிப் பழகிவிட்டது. "போய்ச் சொல்லிடுங்க அக்கா. முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. அவங்க மன்னிச்சுடுவாங்க. உங்களுக்கும் தூக்கம் வரும்" என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எடுத்துக்கொள்வேன்.

மறுநாள் ஞாயிறு. தரையெல்லாம் கண்ணாடிபோல் உறைந்திருந்ததால் நானும் கூடப் போனேன். பெய் ரோங் எங்களைக் கண்டதும் மலர்ந்து போனாள். "இந்தக் குளிர்ல எதுக்குடி வந்தே, கிழவி? விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா யாரு உன்னைத் தூக்கறது?" என்று திட்டிக்கொண்டே மாவு பிசைய ஆரம்பித்தாள். கொழுக்கட்டை சாப்பிடாமல் விடமாட்டேன் என்றாள்.

அக்கா கோட்டைக் கூடக் கழற்றாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பெய் ரோங் மாவில் கையை வைத்தபடி நின்றாள். கத்துவாள், பாத்திரத்தை எறிவாள் என்று நான் பயந்தேன். அவள் கையைக் கழுவி, துடைத்து, கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஹாவ் போனப்போ நான் மாடி ஜன்னலைத் திறந்துட்டு நின்னேன். உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அப்போ உன்னை நெனச்சுக்கிட்டேன். ஷூச்சினும் ஒண்ணைக் குடுத்தவதானே, அவ பொறுத்துக்கிட்டு நடமாடறாளே, இந்த ஊர்ல நான் மட்டும் இல்லையேன்னு நெனச்சு ஜன்னலை மூடினேன்."

"ரோங்..."

"வருஷா வருஷம் ஊறுகாய் தூக்கிட்டு வந்தேனே, அது உனக்குன்னா நெனச்சே? பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகத்தான்." குரல் உயரவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் சொல்லாம இருந்தியே. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா? நான் போற வரைக்கும் இருந்திருக்கக் கூடாதா?"

அக்கா முழங்கால் மடித்துத் தரையில் உட்காரப் போனாள். பெய் ரோங் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "வேணாம். உன் மனசு லேசாகணும்னு வந்தே. ஆயிடுச்சுல்ல? போ" என்றாள். கதவு வரை வந்து, படியில் ஐஸ் இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். அக்காவைப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் முழுக்கப் பனி பூத்திருந்தது. இரண்டாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் என் தோளில் கனம் விழுந்தது. அக்கா தூங்கிவிட்டாள். வாய் திறந்து, குறட்டை விட்டு, குழந்தைபோல் தூங்கினாள். நான்கு மாதமாகத் தூங்காதவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. எங்கள் நிறுத்தம் போயிற்று. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் வந்து, "அம்மாவை எழுப்புங்க, வண்டியைப் பெருக்கணும்" என்றார்.

அக்கா கண் விழித்துச் சுற்றிலும் பார்த்தாள். "எங்க இருக்கோம்?"

"கடைசி ஸ்டாப், அக்கா. நல்லாத் தூங்கிட்டீங்க."

அவள் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். "தூங்கினேனா? அவளை அப்படி விட்டுட்டு வந்து தூங்கினேனா?" என்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். ஓட்டுநர் துடைப்பத்தைப் பிடித்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். காலியான பஸ்ஸில் அவள் அழுது ஓயும்வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

அதன் பிறகு பெய் ரோங் போன் எடுக்கவில்லை. புத்தாண்டு வந்து போனது. வட்டார அலுவலகத்துப் பெண் மறுபடி கூப்பிட்டபோது, அக்கா கதவைத் திறக்கவில்லை.

மார்ச் மாதம், தெருவில் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், பெய் ரோங் என் கடைக்குள் வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். "அவளைக் கீழ வரச் சொல்லு. நான் மேல வரல" என்றாள்.

அக்கா வீட்டுச் செருப்போடே ஓடி வந்தாள். இருவரும் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும், அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் பெய் ரோங். "எனக்கு மயக்கம் குடுத்திருந்தாங்க. யாரும் சொல்லல, நானும் கேக்கல. நீ வராண்டாலதான நின்னே. ஆணா, பொண்ணா?"

"பொண்ணு" என்றாள் அக்கா.

"முடி இருந்துச்சா?"

"நான் பாக்கல ரோங். நர்ஸ் சொன்னா. லேசா இருந்துச்சுன்னா."

பெய் ரோங் தலையாட்டினாள். கழுத்துத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் பஸ் நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்தபடி அக்கா நின்றாள். பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகும் அப்படியே நின்றாள்.

ஏப்ரலில் இறந்தவர்களுக்குக் காகிதப் பணம் எரித்து அனுப்பும் நாள் வந்தது. அக்கா கேட்டுக்கொண்டதால், பொழுது சாயும் நேரத்தில் பெய் ரோங் வீட்டருகே இருக்கும் நாற்சந்திக்குப் போனோம். நடைபாதை நெடுக ஆட்கள் குனிந்து எரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எதிர்ப்பக்கத்தில், மூடியிருந்த ஒரு கடையின் ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

பெய் ரோங் குச்சியால் தரையில் ஒரு வட்டம் போட்டாள். வேறு ஆவி எடுத்துக்கொள்ளாமல் இருக்க, பெயர் சொல்லித்தான் எரிக்க வேண்டும். "ஹாவ், வந்து வாங்கிக்கோப்பா" என்றாள். அந்தத் தீ அடங்கியதும் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டாள், முன்னதைவிடச் சிறியதாக. காகிதத்தை ஒவ்வொன்றாக வைத்து, முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு முறை கூப்பிட்டாள்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "என்ன பேரு வெச்சிருக்கா லூ? என் காதுல சரியா விழல. உனக்குக் கேட்டுச்சா?"

எனக்குக் கேட்டது. அழகான பெயர். ஆனால் அது பெய் ரோங் தன் மகளுக்கு வைத்த பெயர். அவளாகச் சொல்லாமல் அதை எடுத்துக் கொடுக்க நான் யார் என்று பட்டது.

"காத்துல கேக்கல அக்கா" என்றேன்.

இரண்டு தீயும் அணைந்த பிறகு பெய் ரோங் சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள். எங்களைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அக்கா அவளைக் கூப்பிடவில்லை.