பதினேழாம் எண்ணின் கடைசிப் பக்கம்

எங்கள் இதழில் யாரும் யாருடைய பெயரையும் கேட்கக்கூடாது. அது முதல் விதி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைமாடியில் நண்பர் ஒருவர் ஒற்றைத் தொலைபேசி இணைப்பையும் ஒரு கணினியையும் வைத்து 'போர்டு' நடத்தினார். வீட்டுக் கணினியிலிருந்து மோடம் வழியாக அந்த எண்ணை அழைத்து, எழுதியதைப் போட்டுவிட்டு, பிறர் எழுதியதை எடுத்துக்கொள்ளலாம். கணினிகளைக் கழற்றிப் பார்ப்பதில் பைத்தியமான இருபது பேர் அங்கே கூடி, போர்டில் எழுதியதை இதழாகவும் போட்டோம். சேர்ந்த வரிசைப்படி ஆளுக்கொரு எண். நான் நாலு.

தமிழ் நாளிதழ் ஒன்றில் துணையாசிரியர் என்பதால் செப்பனிடும் வேலை எனக்கு. ஆங்கில எழுத்தில் தமிழாக வருவதைத் திருத்தி, தட்டச்சு செய்து, போட்டோஸ்டாட் எடுத்து மடித்து ஊசி அடிப்போம். எவருடைய எழுத்தில் ஒரு வரியை வெட்டினாலும் அவர் 'சரி' சொன்ன பிறகே அச்சு. அது இரண்டாவது விதி.

மூன்றாம் இதழுக்குப் பதினேழு எழுதியது தொலைபேசிக் கம்பிகளின் இரைச்சலைப் பற்றி. மழை நாளில் கம்பி எப்படி இரையும், எந்த இரைச்சலில் மோடம் தடுமாறும் என்பதைக் காதால் கேட்டே எழுதியிருந்தார். ஐந்து பக்கம். இருந்த இடமோ நாலு பக்கம். நாளிதழில் செய்தியை அடியிலிருந்துதான் வெட்டுவோம். கடைசிப் பக்கம் சொந்தக் கதையாக இருந்ததால் அதை வெட்டக் கை தயங்கவில்லை. திருத்திய பிரதியை அதே கோப்புப் பெயரில் போர்டில் ஏற்றினேன்.

பதில் இல்லை. ஆனால் தினமும் மத்தியானம் ஒரு மணிக்குப் பதினேழு வந்துபோனதாகப் போர்டின் பதிவேடு காட்டியது. இரண்டு வாரம் பொறுத்துவிட்டு எழுதினேன்: 'கோபமா பதினேழு? தினமும் வர்றீங்க, வாயைத் தொறக்க மாட்டேங்கிறீங்க. சரின்னு ஒரு வார்த்தை போடுங்க லா.' மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'மாப்பிள்ளைக்குத் தாம்பூலம் வச்சு அழைக்கணுமாம்' என்றார் ஒன்பது.

ஒரு காலை நண்பரின் மோடம் ஒலிபெருக்கியில், வழக்கமான கிரீச்சொலிக்குப் பதில் ஒரு பெண் குரல் வந்தது. "ஹலோ, யாரு அங்க?" நண்பர் ரிசீவரை எடுத்தார்.

"அண்ணே, இந்த நம்பர் எங்க அண்ணனோட கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்கு. தினமும் ஒரு மணிக்கு போன எடுத்தா கத்துது. அது உங்களுக்குத்தான் போகுதா?"

"அவர்கிட்ட போனக் குடுங்க, தங்கச்சி."

"அவரு எறந்து நாப்பது நாளாச்சு."

நாற்பது நாளும் இயந்திரம் தானாகவே அழைத்து, புதியதை எடுத்துக்கொண்டு, தொடர்பைத் துண்டித்திருக்கிறது. அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்துக்காகச் செய்து வைத்த ஏற்பாடு. என் கேலி முழுவதும் அவர் இறந்த பிறகு எழுதியது.

மறுநாள் நண்பரும் நானும் பண்டமாரானில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். அறையில் கட்டில் மடித்துச் சாய்த்திருந்தது. கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சுவிட்சைத் தொடாதீங்கன்னு சொல்லி வச்சிருந்தாரு. தொட மனசு வரல" என்றாள் தங்கை. "கடைசியா என்னமோ எழுதிட்டிருந்தாரு, அக்கா. என்னான்னு கேட்டா, புக்கு வந்ததும் படி லான்னு சிரிச்சாரு. அதைப் படிச்சுக் காட்டுங்க."

நண்பர் கட்டுரையைத் திறந்தார். நாலு பக்கம். பழைய பிரதியின் மேல் புதியது வந்து உட்காரும்படி அவர் இயந்திரத்தை அமைத்திருந்தார். நான் வெட்டிய பிரதி, அவருடைய பிரதியை அவர் வீட்டிலேயே அழித்திருந்தது. போர்டிலும் அது இல்லை. நானும் மூலத்தின் மேலேயே திருத்தியிருந்தேன்.

கட்டுரைக்குக் கீழே என் கடிதங்கள் வரிசையாக நின்றன. தங்கை குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "வாயைத் தொறக்க மாட்டேங்கிறீங்க... இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

வெட்டிய பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். நினைவிருந்ததையும் சொன்னேன்: துறைமுகக் கிடங்கின் படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, மழைக்காலக் கம்பியில் கேட்கிற அதே இரைச்சல் இப்போது நெஞ்சிலும் கேட்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

"அப்படியேவா எழுதியிருந்தாரு? இதே வார்த்தையா?"

எட்டு வருடம் பிறர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் வைத்துப் பிழைத்தவள் நான். "வார்த்தை ஞாபகமில்லை" என்றேன்.

"அப்ப இது நீங்க சொல்றதுதான், அக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு மணி ஆவதற்குள் நண்பரிடம் சுவிட்சை அணைக்கச் சொன்னாள். மூன்றாம் இதழை நாங்கள் அச்சிடவில்லை. அந்த நாலு பக்கத்துக்குச் 'சரி' சொல்ல யாரும் இல்லை.